இரண்டே கால் மீட்டர் அகல மூன்று சக்கர மின்வண்டி நம் வீட்டு காரேஜில் நுழையுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், ஒரு சுவரைப் பகிரும் இரட்டை வீட்டில் குடியிருப்பதாகவும், ஒற்றைக் கார் காரேஜ் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆப்டெரா என்ற மூன்று சக்கர சோலார் மின்வண்டி மீது ஆசை, ஆனால் அகலத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, காரேஜில் நுழையுமா, மாலில் நிறுத்த முடியுமா என்பது கேள்வி. நான் புரிந்துகொண்டபடி, ஒரு தடவை நுழையுமா என்பதல்ல உங்கள் கவலை. மழை பெய்யும் இரவில், கையில் தூங்கும் குழந்தையோடு, தினமும் அந்த வண்டியை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் டர்பனில் கட்டட வரைபட வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி வண்டி நிறுத்துமிடங்கள், சரிவுப் பாதைகள், வீட்டு வாசலிலிருந்து காரேஜ் வரை போகும் வழிகள். இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. நீங்கள் சொல்லும் வண்டியை நான் ஓட்டியதில்லை. இதை எழுதும் வரை அது வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரவும் இல்லை. ஆகவே ஓட்டுகிற சுகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இடம், அகலம், திருப்பம் இவை மட்டும் என் பாடம்.

முதலில் வண்டி. கம்பெனி கலிபோர்னியாவைச் சேர்ந்தது. 2006-ல் தொடங்கி, 2011-ல் மூடி, 2019-ல் மறுபடி உயிர் பெற்றது. அவர்கள் வெளியிட்டிருக்கும் அளவுப்படி நீளம் சுமார் 4.37 மீட்டர், உயரம் 1.45 மீட்டர், அகலம் சுமார் 2.24 மீட்டர். உட்காருவது இரண்டே பேர். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. மூன்று சக்கரம் என்றதும் நம் மனசில் வருவது ஆட்டோ. பஜாஜ் ஆட்டோ 1.3 மீட்டர் அகலம்தான், சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும். இதுவோ டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைவிட அகலம். உற்பத்திக்கு வரும்போது இரண்டொரு சென்டிமீட்டர் மாறலாம். என் கணக்குகளை அந்த அளவுக்குத் தளர்த்தியே வாசியுங்கள்.

ஏன் இவ்வளவு அகலம் என்பது தெரிந்தால், நிறுத்துவதில் வரும் பாதிப் பிரச்சினை புரியும். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் காலை அகட்டித்தானே நிற்கிறார். அதே காரணம்தான். நான்கு சக்கர வண்டி சாய்வதென்றால் ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களை இணைக்கும் கோட்டின் மேல்தான் சாய வேண்டும். முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக இருக்கும் வண்டிக்கு அந்தக் கோடு முன் சக்கரத்திலிருந்து நடுவில் இருக்கும் பின் சக்கரத்துக்குச் சாய்வாகப் போகிறது. வண்டியின் எடை மையம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரு சின்னக் கணக்கு: சாதாரணக் காரில் இடது வலது சக்கர இடைவெளி 1.5 மீட்டர் என்றால், நடுவிலிருந்து விளிம்புக்கு 75 சென்டிமீட்டர். மூன்று சக்கர வண்டியில் எடை மையம் முன் அச்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பின்னால் இருந்தால், அதே 75 கிடைக்க முன் சக்கர இடைவெளி 2.25 மீட்டர் வேண்டும். பேட்டரி தரையோடு ஒட்டிக் கிடந்து எடையைக் கீழே இழுப்பதால் அவ்வளவு முழுசாகத் தேவைப்படாது. ஆனாலும் இந்த அகலம் அழகுக்காக வைத்ததில்லை. அதைக் குறைத்தால் வளைவில் வண்டி சாயும்.

இதிலிருந்து வரும் முக்கியமான விஷயம், அகலம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது. புது ஃபோர்டு ரேஞ்சர் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, கண்ணாடிகளோடு சேர்த்து 2.21 மீட்டர், கண்ணாடி இல்லாமல் 1.92. டர்பன் முழுக்க ரேஞ்சர் ஓடுகிறது, எல்லா மாலிலும் நிற்கிறது. அப்புறம் இதற்கு மட்டும் ஏன் பயம்? ஏனென்றால் ரேஞ்சரின் அகலம் நெஞ்சுயரத்தில் இருக்கிறது, மடங்கும், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும். ஆப்டெராவின் அகலம் முழங்கால் உயரத்தில், முன் சக்கரத்தைப் போர்த்திய மூடியில் இருக்கிறது. அது மடங்காது. நடைமேடை விளிம்பு, தூணின் அடிக்கட்டு, காரேஜ் நிலையின் கீழ்ப்பாகம், எல்லாம் அந்த உயரத்தில்தான் காத்திருக்கின்றன. அதே சமயம் உடம்பு பின்னால் போகப் போக மீன் வால் மாதிரி ஒடுங்குகிறது. இது உங்களுக்குச் சாதகம், கீழே சொல்கிறேன்.

உங்கள் காரேஜுக்கு வருவோம். இங்கே ஒற்றைக் கார் காரேஜுக்கு வழக்கமாக விற்கும் கதவு 2.44 மீட்டர் அகலம். கணக்குப்படி பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் மிச்சம். காகிதத்தில் நுழைகிறது. கேள்வியைப் படித்த சனிக்கிழமை மாலையே ஷால்கிராஸில் என் வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். ஒரு ரீப்பர் கட்டையை 2.24 மீட்டருக்கு வெட்டி, என் கொரோலாவின் முன் பம்பரில் கயிறு போட்டுக் குறுக்கே கட்டினேன். பக்கத்துக்கு 23 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. டேப் வைத்துப் பார்த்தால் கதவின் திறப்பு 2.44 இல்லை. பூச்சும் கதவு ஓடும் தண்டவாளமும் போக 2.41. ஆக ஒரு பக்கத்துக்கு நாலு விரற்கடைதான். என் மகன் கதவருகே நின்று பார்த்துக்கொள்ள, நடக்கிற வேகத்தில் உள்ளே விட்டேன். முதல் தடவை இடது நுனி சுவரைத் தொட்டது. கட்டையில் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது. காரணம் அகலம் மட்டுமல்ல. எங்கள் வாசல் கேட்டிலிருந்து காரேஜுக்கு வழி கொஞ்சம் வளைந்து ஏறுகிறது. வண்டி கதவை நேராகச் சந்திப்பதில்லை. ஐந்து டிகிரி சாய்ந்து வந்தாலே நாலு விரற்கடை காணாமல் போய்விடும். மூன்றாம் தடவை நுழைந்தது. தினமும் மூன்றாம் தடவை நுழைகிற காரேஜ் காரேஜ் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆகவே உங்கள் வீட்டில் அளக்க வேண்டியது கதவின் அகலம் மட்டுமில்லை, கதவுக்கு முன்னால் எத்தனை மீட்டர் நேர்வழி இருக்கிறது என்பதும்தான். வண்டி நீளம் 4.37. அதே அளவு நேர்வழி கதவுக்கு வெளியே இருந்தால் நாலு விரற்கடையிலும் சமாளிக்கலாம். சாட்ஸ்வர்த் வீடுகள் பெரும்பாலும் 1960-களில் குன்றுச் சரிவில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டவை. பலருக்குக் காரேஜ் பிற்பாடு சேர்த்துக் கட்டியது. அதனால் தெருவிலிருந்து திரும்பினதும் கதவு முகத்தில் வந்து நிற்கும். உங்களுடையது அப்படியென்றால், கதவை அகலப்படுத்தாமல் இந்த வண்டி வேண்டாம். மேல் உத்தரத்தின் தாங்கல் போதுமா என்று பார்க்காமல் நிலையை இடிக்கவும் வேண்டாம். நகராட்சி அனுமதி வாங்கி, எஞ்சினியர் ஒருவர் பார்த்து, அப்புறம் இடிப்பதுதான் சரி.

யாரும் யோசிக்காத இன்னொரு விஷயம் அந்த மூன்றாவது சக்கரம். உங்கள் காரேஜுக்குப் போகும் வழி எப்படிப்பட்டது? பழைய வீடுகளில் இரண்டு கான்கிரீட் பட்டை போட்டு நடுவில் புல் விட்டிருப்பார்கள். சாதாரணக் காருக்கு அது போதும். இந்த வண்டியின் முன் சக்கரங்கள் அந்தப் பட்டைகளுக்கு வெளி ஓரத்திலோ அதையும் தாண்டியோ உருளும். பின் சக்கரம் நட்ட நடுவில் புல்லில் உருளும். ஜனவரி மழையில் டர்பன் செம்மண் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சரிவில் இருந்தால் நிச்சயம் பள்ளம் விழும். சாலையில் பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விட்டு ஓட்டும் நம் பழக்கமும் இதில் செல்லாது, விட்ட பள்ளம் பின் சக்கரத்துக்கு நேராக வரும். பட்டைகளையும் நடுப்பகுதியையும் சேர்த்து முழுசாகக் கான்கிரீட் போடுவது பெரிய செலவில்லை. கதவில் கை வைப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

தெரு. தென்னாப்பிரிக்காவில் சாதாரண வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் 2.5 மீட்டர். ஆக அகலத்தைக் காரணம் காட்டி யாரும் சாலையில் தடுக்க முடியாது. ஆனால் ஐந்தரை மீட்டர் தெருவில் இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் கார்கள் நின்றால் நடுவில் மிஞ்சுவது 1.9. கண்ணாடியை மடக்கினாலும் 1.92 மீட்டர் ரேஞ்சரே அதில் நுழையாது, நீங்கள் போகவே முடியாது. நல்ல வேளையாக நம் ஆட்கள் பாதி வண்டியைப் புல்தரையில் ஏற்றித்தான் நிறுத்துகிறார்கள். உங்கள் தெருவுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை குப்பை லாரி வருகிறதல்லவா, அது கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். அது ஹாரன் அடிக்காமல் போகிற தெருவில் நீங்களும் போகலாம். அது நின்று யாரையாவது வண்டியை நகர்த்தச் சொல்லிக் கூப்பிடும் தெருவில் நீங்களும் கூப்பிட வேண்டியிருக்கும்.

மாலுக்கு வருவோம். நாங்கள் வரையும் பார்க்கிங் கட்டம் பெரும்பாலும் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். உங்கள் வண்டியை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 13 சென்டிமீட்டர். அடுத்த கட்டத்தில் போலோ விவோ என்ற சின்னக் கார் நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள், அகலம் 1.68 மீட்டர், அதற்குப் பக்கத்துக்கு 41 மிஞ்சும். இரண்டு வண்டிக்கும் நடுவே 54 சென்டிமீட்டர். இரண்டு விவோ நின்றால் 82 இருக்கும். 54-ல் கதவைத் திறந்து ஒருவர் இறங்குவது சிரமம். ஆனால் உங்கள் அகலம் முன் சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்து வண்டியும் நீங்களும் ஒரே திசையில் மூக்கை உள்ளே விட்டு நின்றால், உங்கள் சக்கர மூடி அவருடைய முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும், கதவுக்கு நேராக வராது. கதவு இருக்கும் இடத்தில் உங்கள் உடம்பு ஒடுங்கிவிட்டிருக்கும். ஆக இறங்குவது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. உங்கள் வண்டியின் கதவு மேல்நோக்கித் திறப்பது, அடித்தள நிறுத்துமிடங்களில் தாழ்வாகப் போகும் குழாய்களுக்குக் கீழே மட்டும் யோசிக்க வேண்டியது.

முன்னால் விடுவதா, ரிவர்ஸில் விடுவதா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, ஆனால் இது ஓட்டிப் பார்த்துச் சொல்வதல்ல, வரைந்து பார்த்துச் சொல்வது. ரிவர்ஸ்தான் நல்லது. ஒடுங்கிய வால் முதலில் சுலபமாக நுழையும், அகலமான முன்பக்கம் கடைசியில், வண்டி நேரான பிறகு உள்ளே வரும். கிளம்பும்போதும் அகலமான பகுதி உங்கள் கண் முன்னால் வெளியே போகும். மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால், ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது முன் சக்கரங்கள் பக்கவாட்டில் வீசி, பக்கத்துக்காரர் கதவில் கோடு போட்டுவிடும். ரிவர்ஸில் ஒரு குறை இருக்கிறது. சக்கர மூடிகள் நடைவழிப் பக்கம் நிற்கும், சாமான் தள்ளுவண்டியோடு வருபவர் அந்த 54 சென்டிமீட்டரில் நுழையப் பார்ப்பார். தள்ளுவண்டி இடிக்கும். அதனால் வரிசையின் கடைசிக் கட்டம், ஒரு பக்கம் சுவரோ புல்லோ இருக்கிற இடம், அதைத் தேடுங்கள். சாட்ஸ்வர்த் சென்டர் மாதிரி இடங்களில் நிறுத்திய வண்டிகளைக் காவல் பார்க்கும் கார் கார்டு தம்பிகளிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் நல்ல இடம் காட்டுவார்கள். கேட்வே மாதிரிப் பெரிய மால்களில் கொஞ்சம் தூரத்தில் நிறுத்தி நடந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இடம் அகலமாக இருக்கிறதே என்று மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது மூன்றரை மீட்டர் அகலம் இருப்பது சக்கர நாற்காலி ஒன்று வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதற்காக. ஒவ்வொரு சென்டிமீட்டரையும் அதற்காகவே வரைகிறோம். பத்து நிமிஷம்தானே என்று நிறுத்தியவர்களால் வீல்சேரில் ஒரு அம்மா மழையில் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதுபோலவே இரண்டு கட்டத்தை அடைத்து நிறுத்துவதும் வேண்டாம். தைப்பூசத்துக்குக் கோயில் வாசலில் காவடிக் கூட்டம் வரும் நாட்களில் இந்த வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் நிம்மதி.

பணம் கட்டும் இடம் இன்னொரு சின்னத் தொல்லை. சக்கரங்கள் வெளியே, நீங்கள் உள்ளே. டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்தில் எவ்வளவு நெருங்கினாலும் சக்கர மூடிதான் முதலில் நெருங்கும், உங்கள் கை சாதாரணக் காரைவிட தூரத்தில் இருக்கும். மாலில் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பிடிக்க வேண்டும். மரியன்ஹில் டோல் கேட்டுக்கு டேக் ஒட்டிக்கொண்டால் அங்கே தப்பித்தீர்கள்.

இதுவரை சொன்னது அளவு. இனி சொல்வது அதைவிடப் பெரிய தடை. வண்டி அமெரிக்காவுக்கென்று செய்யப்படுகிறது, ஸ்டீயரிங் இடது பக்கம். தென்னாப்பிரிக்காவில் 2004-க்குப் பிறகு இடது ஸ்டீயரிங் வண்டியைப் புதிதாகப் பதிவு செய்ய விடுவதில்லை. வலது ஸ்டீயரிங் வரும்வரை உங்கள் ஆசைக்கு இதுதான் பூட்டு. கலிபோர்னியாவில் இதை மோட்டார் சைக்கிள் வகையில் சேர்க்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். இங்கே மோட்டார் டிரைசைக்கிள் என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கமே, மூன்று சக்கரம் இருக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் மாதிரியான கைப்பிடிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது. ஸ்டீயரிங் வட்டும் பெடலும் உள்ள வண்டி அதில் வராது, கார் பக்கம்தான் போகும் என்பது என் வாசிப்பு. நான் வக்கீல் இல்லை. முன்பணம் அனுப்புவதற்கு முன், வாகன ஒப்புதலைக் கவனிக்கும் என்ஆர்சிஎஸ்ஸிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் வண்டியைத் துறைமுகம் வரை கொண்டு வந்து, அங்கேயே மாதக் கணக்கில் வாடகை கட்டியது எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு கேள்வி நான் கேட்க வேண்டும். இந்த வண்டியை எதற்காகக் காரேஜில் வைக்கிறீர்கள்? அதன் மேல் சுமார் 700 வாட் சோலார் தகடு இருக்கிறது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 64 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய மின்சாரம் வரும் என்பது கம்பெனியின் கணக்கு. அது உச்சக் கணக்கு, பாதி கிடைத்தாலும் உங்கள் தினசரி ஓட்டத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். காரேஜ் இருட்டில் நிறுத்தினால் அதற்குக் கொடுத்த காசு வீண். வாசலில், வடக்கு வெயில் விழும் இடத்தில், நாலு பக்கமும் திறந்த தளமாக மூன்று மீட்டர் அகலத்துக்கு கான்கிரீட் போட்டுவிட்டால் நிலையை இடிக்கவே தேவையில்லை. அப்போது கேட்டின் அகலம் மட்டும்தான் கேள்வி. பக்கவாட்டில் நகரும் கேட் மூன்று மீட்டர் திறந்தால் நிம்மதியாக நுழையலாம். திருட்டு பயம் உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதனால்தான் பலர் காரேஜை விடுவதில்லை, அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, உங்களிடமிருந்து எனக்கு நான்கு அளவு வேண்டும்: காரேஜ் கதவின் சுத்தத் திறப்பு, அதாவது பூச்சும் தண்டவாளமும் போக மிஞ்சுவது, கதவுக்கு வெளியே நேர்வழி எத்தனை மீட்டர், வாசல் கேட் எவ்வளவு திறக்கிறது, கேட்டுக்கு எதிரே தெரு எவ்வளவு அகலம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கேட்டிலிருந்து காரேஜ் வரை மேலிருந்து ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். திருப்பத்தை வரைந்து, சக்கரம் எந்த இடத்தில் சுவரைத் தொடும் என்று குறித்து அனுப்புகிறேன்.